வெளிநாட்டிலிருந்து வரும் 'மெலியும் ஊசி': உடலுக்குள் அது செய்வது என்ன, ஆய்வுகூடம் அதில் தேடுவது என்ன?

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வருபவர்களின் பயணப்பெட்டியில் சொக்லேட்டோடும் வாசனைத் திரவியத்தோடும் இப்போது இன்னொரு பொருளும் வருகிறது. பேனா வடிவிலான ஒரு ஊசி. "அங்க எல்லாரும் இதைத்தான் போடுகினம், சீனியும் குறையும், உடம்பும் மெலியும்" என்ற சொல்லோடு அது அம்மாவின் கையிலோ அண்ணாவின் கையிலோ கொடுக்கப்படுகிறது. ஒசெம்பிக், வெகோவி, மௌஞ்சாரோ என்ற பெயர்கள் முகநூல் விளம்பரங்கள் வழியாகவும் எம்மை வந்தடைகின்றன.

இந்த மருந்து ஏமாற்று வித்தை அல்ல. இன்சுலினுக்குப் பின்னர் நீரிழிவு மருத்துவத்தில் ஏற்பட்ட மிகப் பெரிய மாற்றங்களில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். ஆனால் அதே காரணத்தாலேயே, உலகில் அதிகம் போலியாகத் தயாரிக்கப்படும் மருந்துகளில் ஒன்றாகவும் இது மாறிவிட்டது. எனவே இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். உண்மையான மருந்து உடலில் என்ன செய்கிறது? கையில் இருப்பது உண்மையான மருந்துதான் என்பதை எப்படி அறிவது?

குடல் அனுப்பும் செய்தி

1960களில் ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கவனித்தார்கள். ஒரே அளவு குளுக்கோசை நாளத்தினூடாக ஏற்றுவதைவிட வாய்வழியாகக் குடிக்கக் கொடுத்தால் உடல் கூடுதலான இன்சுலினைச் சுரந்தது. அதாவது, உணவு வந்துவிட்டது என்ற செய்தியைக் குடல்தான் சதையிக்கு, அதாவது கணையத்துக்கு, முன்கூட்டியே அனுப்புகிறது.

அந்தச் செய்தியைச் சுமந்து செல்லும் ஓமோன்களில் ஒன்றுதான் ஜி.எல்.பி.-1. இது ஏறத்தாழ 30 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. சிறுகுடலின் கீழ்ப்பகுதியிலும் பெருங்குடலிலும் உள்ள சில கலங்கள் இதைச் சுரக்கின்றன. இது மூன்று இடங்களில் வேலை செய்கிறது. சதையியில் இன்சுலினைக் கூட்டி, குளுக்ககன் என்ற எதிர் ஓமோனைக் குறைக்கிறது. இரைப்பையில் உணவு கீழிறங்கும் வேகத்தைக் குறைக்கிறது. மூளையில் 'போதும்' என்ற உணர்வைத் தூண்டுகிறது.

இதில் மிக முக்கியமான ஒரு பண்பு உண்டு. குருதியில் குளுக்கோசு கூடியிருக்கும்போதுதான் ஜி.எல்.பி.-1 இன்சுலினைப் பெருமளவில் தூண்டும். குளுக்கோசு குறைந்தால் அதன் தூண்டலும் அடங்கிவிடும். ஊசியாக ஏற்றும் இன்சுலின் அப்படியல்ல. சீனி கூடவோ குறையவோ, ஏற்றிய இன்சுலின் தன் வேலையைச் செய்தே தீரும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். போலி மருந்து பற்றிப் பேசும்போது இது உயிரோடு சம்பந்தப்பட்டதாக வரும்.

அப்படியானால் ஜி.எல்.பி.-1 ஐயே மருந்தாக ஏற்றியிருக்கலாமே? முடியாது. டி.பி.பி.-4 என்ற நொதியம் அதை வெட்டிவிடுவதால், குருதியில் அதன் பாதி ஏறத்தாழ இரண்டே நிமிடங்களில் செயலிழந்துவிடும்.

பல்லியின் உமிழ்நீரும் ஒரு கொழுப்பு வாலும்

தீர்வுக்கான முதல் வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலையில் பணியாற்றிய ஜோன் எங் என்ற வைத்தியர், கிலா மொன்ஸ்டர் எனப்படும் நச்சுப் பல்லியின் சுரப்பில் ஒரு பொருளைக் கண்டறிந்து 1992 இல் வெளியிட்டார். அமெரிக்காவின் தென்மேற்கிலும் வடக்கு மெக்சிக்கோவிலும் வாழும் பல்லி அது. அந்தப் பொருள் மனிதனின் ஜி.எல்.பி.-1 இன் வேலையைச் செய்தது, ஆனால் இலகுவில் வெட்டுப்படவில்லை. அதன் செயற்கை வடிவமான எக்ஸெனடைட் 2005 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாளுக்கு இரண்டு தடவை ஏற்ற வேண்டிய ஊசி அது.

டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் வேறு வழியில் போனது. மனித ஜி.எல்.பி.-1 இலேயே சிறு மாற்றங்கள் செய்து, அதில் ஒரு கொழுப்பமிலத்தை வால்போல் பொருத்தியது. குருதியில் அல்புமின் என்ற புரதம் நிறைய உண்டு. கொழுப்பமிலங்களைச் சுமந்து திரிவது அதன் வேலைகளில் ஒன்று. வால் முளைத்த மருந்து அல்புமினில் தொற்றிக்கொண்டு குருதியில் நெடுநேரம் சுற்றும். இப்படிப் பிறந்த லிராகுளுடைட் 2010 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பாதி குறைய ஏறத்தாழ 13 மணித்தியாலம் எடுப்பதால் நாளுக்கு ஒரு ஊசி போதுமானதாயிற்று. இந்தப் பாதையைத் திறந்த ஜோயல் ஹேபனர், ஸ்வெட்லானா மொய்சொவ், லொட்டே பியெர் நுட்சன் ஆகிய மூவருக்கும் 2024 இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

அடுத்து வந்ததுதான் செமாகுளுடைட். ஒசெம்பிக், வெகோவி இரண்டுக்குள்ளும் இருப்பது இதுவே. இதில் மூன்று மாற்றங்கள் உண்டு. நொதியம் வெட்டும் எட்டாவது இடத்தில், வெட்ட முடியாத ஒரு செயற்கை அமினோ அமிலம். 26 ஆவது இடத்தில் 18 காபன் அணுக்கள் கொண்ட நீண்ட கொழுப்பமில வால். அந்த வால் தவறான இடத்தில் ஒட்டாதபடி 34 ஆவது இடத்தில் ஒரு மாற்றம். இவற்றின் பயனாக அதன் பாதி குறைய ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கிறது. ஆகவே கிழமைக்கு ஒரு ஊசி.

மௌஞ்சாரோவுக்குள் இருக்கும் டிர்செபடைட் இன்னொரு படி மேலே சென்று, ஜி.எல்.பி.-1 இன் வாங்கியையும் ஜி.ஐ.பி. என்ற மற்றொரு குடல் ஓமோனின் வாங்கியையும் சேர்த்தே தூண்டுகிறது. அது 2022 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பலன் எவ்வளவு, விலை என்ன?

ஒசெம்பிக் 2017 டிசெம்பரில் நீரிழிவுக்காகவும், கூடிய அளவிலான வெகோவி 2021 ஜூனில் உடற்பருமனுக்காகவும் அமெரிக்க அனுமதி பெற்றன. நீரிழிவு இல்லாத 1961 பேரில் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் செமாகுளுடைட் பெற்றோரின் எடை சராசரியாக 14.9 வீதம் குறைந்தது. வெற்று ஊசி பெற்றோரில் 2.4 வீதமே குறைந்தது. 2024 இல் வெளியான மற்றொரு ஆய்வில், நீரிழிவோடு சிறுநீரக நோயும் உள்ள 3533 பேரில், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட பாரதூரமான விளைவுகளின் ஆபத்து 24 வீதத்தால் குறைந்தது. டயலிசிஸ் இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த இலக்கத்தின் பெறுமதி புரியும்.

ஆனால் மருந்தை நிறுத்தினால் பசி திரும்புகிறது. முதலில் சொன்ன ஆய்வில் பங்கேற்றோரில் ஒரு பகுதியினரை மருந்து நிறுத்திய பின் ஓராண்டு கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டும் ஏறியிருந்தது. இரண்டு மாதத்துக்குப் போட்டு விட்டுவிடும் மருந்து இது அல்ல. ஒரு பேனா பார்சலில் வந்து, அடுத்தது எப்போது வரும் என்று தெரியாத நிலையில் இதைத் தொடங்குவதில் அர்த்தமில்லை.

குமட்டல், வாந்தி, வயிற்றோட்டம், மலச்சிக்கல் ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். அதனால்தான் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை படிப்படியாகக் கூட்டுகிறார்கள். அரிதாகச் சதையி அழற்சியும் பித்தப்பைக் கற்களும் ஏற்படலாம். எலிகளில் தைரொயிட் கட்டிகள் காணப்பட்டதால், மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு இது கொடுக்கப்படுவதில்லை. கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்கள் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்னரே செமாகுளுடைட்டை நிறுத்த வேண்டும். கொழுப்போடு தசையும் கரைவதால், வயதானவர்களும், ஒரு காலை இழந்து மற்றக் காலின் பலத்திலும் கைகளின் பலத்திலும் நடமாடுபவர்களும் இதைத் தனியாக யோசிக்க வேண்டும்.

எமது மக்களுக்கு இன்னும் மூன்று விடயங்கள் முக்கியமானவை.

முதலாவது, கண். 2016 இல் வெளியான, 3297 பேர் பங்கேற்ற ஆய்வில், விழித்திரைப் பாதிப்பின் சிக்கல்கள் செமாகுளுடைட் பெற்றோரில் 3 வீதமாகவும் மற்றவர்களில் 1.8 வீதமாகவும் காணப்பட்டன. நீண்டகாலம் உயர்ந்திருந்த சீனி திடீரெனக் குறைவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. இடப்பெயர்விலும் முகாம்களிலும் ஆண்டுக்கணக்கில் ஒழுங்கான சிகிச்சையின்றி நீரிழிவோடு வாழ்ந்தவர்கள், ஊசியைத் தொடங்குமுன் கண் பரிசோதனை செய்தே ஆகவேண்டும்.

இரண்டாவது, ஏற்கெனவே எடுக்கும் மருந்து. கிளினிக்கில் கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ பெறுபவர்கள், வைத்தியருக்குத் தெரியாமல் இந்த ஊசியையும் சேர்த்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

மூன்றாவது, இன்சுலினுக்கு இது மாற்று அல்ல. முதலாம் வகை நீரிழிவு உள்ள ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டு இதைப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆய்வுகூடத்தின் கேள்விகள்

கண்ணால் பார்த்தால் உண்மையான மருந்து நிறமற்ற தெளிந்த நீர். போலியும் நிறமற்ற தெளிந்த நீர்தான். வித்தியாசத்தைச் சொல்லக்கூடியது ஆய்வுகூடம் மட்டுமே. அது நான்கு கேள்விகளைக் கேட்கிறது.

உள்ளே இருப்பது எத்தனை பொருட்கள்? இதற்கு விடை தருவது உயரழுத்தத் திரவ நிறப்பகுப்பு. ஒரு மெல்லிய உலோகக் குழாய்க்குள் எண்ணெய்த் தன்மை பூசப்பட்ட நுண்மணிகள் நிரப்பப்பட்டிருக்கும். மருந்தை அதனூடாகச் செலுத்துவார்கள். நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒன்றாக இறங்கும் பலரில், வழியெங்கும் தெரிந்தவர்களைக் கண்டு நின்று பேசுபவர் கடைசியாகத்தானே வெளியே வருவார்? அதேபோல் எண்ணெய்த் தன்மை கூடிய மூலக்கூறுகள் மணிகளில் ஒட்டி ஒட்டிப் பிந்தி வெளிவரும். கொழுப்பு வால் உள்ள செமாகுளுடைட் அப்படிப்பட்டது. வெளிவரும் ஒவ்வொன்றையும் புறஊதாக் கதிர் பதிவு செய்து வரைபில் ஒரு மேடாகக் காட்டும். தூய மருந்தென்றால் ஒரு பெரிய மேடுதான் இருக்கும். அருகே சிறு மேடுகள் தெரிந்தால் அவை உடைந்த, சிதைந்த அல்லது அரைகுறையாகத் தயாரிக்கப்பட்ட துண்டுகள். தரம் தெரிந்த மாதிரியின் மேட்டோடு ஒப்பிட்டால், மருந்து எத்தனை மில்லிகிராம் உள்ளது என்பதும் தெரியவரும்.

அந்தப் பொருள் எது? இதற்குத் திணிவு நிறமாலைமானி. மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து அவற்றின் திணிவை இது அளக்கிறது. செமாகுளுடைட்டின் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 4114. நான்கு நேர் மின்னேற்றங்களைச் சுமக்கும்போது கருவியில் அது 1029 அளவில் தெரியும். மனித இன்சுலினின் திணிவு ஏறத்தாழ 5808. ஆகவே பேனாவுக்குள் இன்சுலினை நிரப்பி ஒசெம்பிக் என்று ஒட்டியிருந்தால், இந்தக் கருவி உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு ஒட்சிசன் அணு கூடுதலாக ஏறியிருந்தால்கூடத் திணிவில் 16 கூடித் தெரியும். எனினும், ஒரே திணிவோடு கைகள் இடம்வலமாக மாறியதுபோல் அமைந்த மூலக்கூறுகளைத் திணிவு மட்டும் பிரித்துக் காட்டாது. அதற்கு வேறு சோதனைகள் வேண்டும்.

அது வேலை செய்கிறதா? ஜி.எல்.பி.-1 வாங்கி உள்ள கலங்களை வளர்த்து, அவற்றில் மருந்தை விட்டு, கலத்துக்குள் எழும் சமிக்ஞையை அளக்கிறார்கள்.

அது சுத்தமானதா? கிருமிகள் வளர்கின்றனவா என்று வளர்ப்பூடகத்தில் 14 நாட்கள் வைத்துப் பார்ப்பார்கள். கிருமி செத்தாலும் அதன் சுவரிலிருந்து வெளிவரும் எண்டோடொக்சின் என்ற நஞ்சு எஞ்சியிருக்கும். குருதியில் கலந்தால் காய்ச்சலிலிருந்து அதிர்ச்சி நிலைவரை அது கொண்டுசெல்லலாம். குதிரை லாட நண்டின் குருதியிலிருந்து எடுக்கப்படும் ஒரு சாறு இந்த நஞ்சின் மிகச் சிறிய அளவிலும் உறைந்துவிடும். ஊசிமருந்துகளைச் சோதிக்க நீண்டகாலமாகப் பயன்படுவது அதுதான்.

போலி செய்த வேலை

2023 ஒக்டோபரில், ஜேர்மன் மொழிச் சுட்டி ஒட்டிய போலி ஒசெம்பிக் பேனாக்கள் மொத்த வியாபாரிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டதாக ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் எச்சரித்தது. அதே மாதம் ஒஸ்ரியாவில் போலி ஊசி போட்ட பலர் சீனி கடுமையாக இறங்கியதால் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். உள்ளே இருந்தது இன்சுலின் என்றே அதிகாரிகள் சந்தேகித்தனர். முன்னர் சொன்ன வேறுபாடு இங்கேதான் உயிரோடு விளையாடுகிறது. நீரிழிவே இல்லாத ஒருவர் மெலிவதற்காக அந்த ஊசியைப் போட்டால், அவரது சீனி இறங்கும்போது இன்சுலின் தானாக நின்றுவிடாது.

பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் 2023 இல் பிடிபட்ட போலித் தொகுதிகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது.

மருத்துவச் சீட்டு இல்லாமல் இணையத்தில் விற்கப்படும் செமாகுளுடைட்டை ஆய்வாளர்கள் காசு கொடுத்து வாங்கிச் சோதித்த முடிவு 2024 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. ஆறு இடங்களில் பணம் கட்டினார்கள். மூன்று இடங்களிலிருந்து பொருளே வரவில்லை. வந்த மூன்று குப்பிகளில் 99 வீதம் தூய்மை என்று எழுதியிருந்தது. ஆய்வுகூடம் கண்டதோ 7 முதல் 14 வீதம் வரையான தூய்மையே. அதேநேரம் மருந்தின் அளவு எழுதியிருந்ததைவிட 29 முதல் 39 வீதம் வரை கூடுதலாக இருந்தது. எண்டோடொக்சினும் காணப்பட்டது. அழுக்குக் கூட, அளவும் கூட.

குப்பியில் வரும் மருந்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து 0.25 மில்லிகிராம் எடுக்க, 100 அலகு கொண்ட இன்சுலின் சிரிஞ்சில் 5 அலகு மட்டுமே இழுக்க வேண்டும். 50 அலகு இழுத்தால் அது பத்து மடங்கு. குப்பி வடிவில் கலந்து விற்கப்படும் செமாகுளுடைட்டில், நோயாளிகள் 5 முதல் 20 மடங்குவரை கூடுதலாக ஏற்றிக்கொண்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 இல் எச்சரித்தது. ஒரு வாரமானாலும் பாதிதான் குறையும் மருந்து என்பதால், அந்த வாந்தியும் நாட்கணக்கில் நீடிக்கலாம்.

வெயிலும் பயணமும்

உண்மையான மருந்தும் வழியில் கெட்டுப்போகலாம். திறக்காத பேனா 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால், உருகிய பின்னும் பயன்படுத்தக்கூடாது. விமானத்தின் சரக்கறையில் போகும் பெட்டி, கட்டுநாயக்கவிலிருந்து வடக்குக்கு வரும் வாகனத்தின் சூடு, மின்தடை ஆகிய எல்லாவற்றையும் அது கடந்து வந்திருக்கும். திறந்த பேனாவை 30 பாகைக்குக் குறைவான வெப்பத்தில் சில வாரங்கள் வைத்திருக்கலாம். எத்தனை வாரம் என்பது பொதியில் உள்ள தாளில் எழுதியிருக்கும். மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் ஈரமணல் இட்ட பானைக்குள் இன்சுலின் குப்பியைக் காத்த அனுபவம் எமக்கு உண்டு. அதே கவனம் இதற்கும் வேண்டும்.

கையில் பேனா வந்துவிட்டால்

முதலில் கிளினிக் கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். பொதியிலும் பேனாவிலும் உள்ள தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் ஒன்றாக உள்ளனவா, எழுத்துப் பிழைகள் உள்ளனவா, பொதி ஏற்கெனவே திறக்கப்பட்டதா என்று பாருங்கள். ஒசெம்பிக்கைத் தயாரிக்கும் நிறுவனம் அதைப் பேனாவாகவே வெளியிட்டு வந்துள்ளது. ஆகவே 'ஒசெம்பிக் குப்பி', 'ஒசெம்பிக் தூள்' என்ற பெயரில் வருவதைத் தொடாதீர்கள். ஒருவரின் பேனாவை, ஊசி முனையை மாற்றினாலும், மற்றவர் பயன்படுத்தக்கூடாது. குருதிவழித் தொற்றுகள் பரவலாம்.

ஊசி போட்ட பின் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பேனாவை எறிந்துவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அதுதான் ஆய்வுகூடத்துக்கான சாட்சி.

யாருக்கு மருந்து?

கள்ளச்சந்தை பெருகுவது மக்களின் அறியாமையால் மட்டும் அல்ல, விலையாலும்தான். 2025 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் செமாகுளுடைட், டிர்செபடைட் முதலியவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மெலிய விரும்பும் எல்லோருக்குமாக அல்ல, இரண்டாம் வகை நீரிழிவோடு இருதய நோயோ நாட்பட்ட சிறுநீரக நோயோ உடற்பருமனும் உள்ளவர்களுக்காக. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் செமாகுளுடைட்டின் அடிப்படைக் காப்புரிமை 2026 இல் முடிவதால், மலிவான வடிவங்கள் வருவதற்கு வழி திறக்கிறது. இலங்கைக்கு வரும் மருந்துகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே வருகிறது.

அந்த நாள் வரும்போது விலையோடு தரத்தையும் கேட்க வேண்டும். தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்துக் கொள்வனவு விவகாரத்தில் இந்த நாட்டின் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. பதிவு, மாதிரிச் சோதனை, முடிவுகளைப் பகிரங்கப்படுத்தல் ஆகியவை தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையிடம் நாம் கேட்க வேண்டிய உரிமைகள்.

மருந்துகூட அனுமதி பெற்றே வரவேண்டிய காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். ஆகவே வெளிநாட்டிலிருந்து அன்போடு வரும் எந்த மருந்தையும் மறுப்பது எமக்குக் கடினம். ஆனால் அன்போடு அனுப்புபவருக்கும் அந்தப் பேனாவுக்குள் இருப்பது என்னவென்று தெரியாது. அனுப்ப நினைக்கும் உறவுகள், அந்தப் பணத்தில் ஒரு கண் பரிசோதனைக்கும், சீனி பார்க்கும் கருவிக்கும், அதன் பட்டிகளுக்கும் வழி செய்தால், அம்மாவின் கிளினிக் கொப்பியில் அதன் பலன் தெரியும்.